சோற்றுக்கு என்ன செய்தான் அந்த அயர்லாந்துக்காரன்

என் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் தொடாமல் விட்டுப்போன கேசரியைத் தின்றுதான் நான் இந்த உயரம் வளர்ந்தேன் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். அதில் கொஞ்சம் மிகை உண்டு. முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது.

எங்கள் ஊர் பேரையூருக்குத் தெற்கே, மழையை நம்பிப் பருத்தியும் சோளமும் விதைக்கிற காட்டுக்கு நடுவில் இருக்கிறது. பெண் பார்க்கிற விஷயத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. வந்தவர்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், அது வெயிலுக்காக. பலகாரத் தட்டில் மட்டும் கை வைக்கக் கூடாது. பெண்ணைப் பிடித்து, பேச்சும் ஒத்துவந்தால்தான் கை நனைப்பார்கள். நனைத்துவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி. அதற்குமேல் பின்வாங்குவது மனுசர் செய்கிற காரியம் இல்லை. பிடிக்கவில்லை என்றால் அதை வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம். ஊருக்குப் போய்ச் சேதி சொல்லிவிடுகிறோம் என்று எழுந்தால் போதும், இரண்டு தரப்புக்கும் புரிந்துவிடும்.

அப்பா தெருமுனை வரை கூடப் போய் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்து, முகம் கழுவுகிற சாக்கில் வெகுநேரம் தண்ணீர்த் தொட்டியருகே நிற்பார். அத்தை பட்டுச்சேலையை மடித்துப் பெட்டியில் வைப்பாள். அம்மா என்னைக் கூப்பிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளுவாள். நெய்யும் முந்திரியுமாக, வீட்டில் வேறு எந்த நாளிலும் செய்யாத கேசரி. அத்தைக்கு மாப்பிள்ளை அமையாதது ஒரு துக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, நாக்கு வேறு. தீபாவளிக்கு அடுத்தபடியாக நான் எதிர்பார்த்த நாட்கள் அவை.

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். திருமங்கலம் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. கருக்கலில் மில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், பொழுது சாயக் கொண்டுவந்து விடும். இறங்கி வரும்போது தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும், புருவத்தில்கூட. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ கிழவி நடந்து வருகிற மாதிரி இருக்கும். வந்ததும் முகம் கழுவிவிட்டு வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கவிழ்த்துப் போட்ட உரல்மேல் உட்காருவாள். நான் பின்னால் நின்று அவள் தலையிலிருந்து பஞ்சைப் பொறுக்குவேன். ஒவ்வொரு இழையாக எடுக்க எடுக்கக் கிழவி போய் அத்தை வருவாள். அந்த வேலையில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

அத்தைக்கு ஏன் தள்ளிப்போகிறது என்று ஊரில் கேட்டால் ஜாதகத்தில் செவ்வாய் என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அதே சமயம், வந்தவர்களுக்குப் பிடித்துப்போன இரண்டொரு இடத்தையும் அத்தையே வேண்டாம் என்றதும், அன்று அப்பா சாப்பிடாமல் காட்டுக்குப் போனதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. செவ்வாய்க்கு இப்படியெல்லாம் செய்கிற சக்தி உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைப் பார்த்த முதல் ஆள் நான்தான். அப்பா கையெழுத்துப் போடுவார். போட்டு முடிக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பார். நான் ஆங்கிலப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தால் அம்மா பாத்திரம் உருட்டுவதை நிறுத்திவிடுவாள். கோயிலில் மந்திரம் சொல்லும்போது நிற்கிற மாதிரி ஒரு நிற்றல். என்ன சொல்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை. மந்திரத்துக்கு யார் அர்த்தம் கேட்பார்கள்?

அந்த வருடம் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்த டீச்சர் மதுரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். இளம் வயது. கவிதை என்றால் உயிர். ஆண்டு விழாவில் ஒப்பிக்கச் சொல்லி, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு கவிதையை எனக்குக் கையால் எழுதிக் கொடுத்தார். எழுதியவர் அயர்லாந்து நாட்டுக்காரர். அந்தப் பெயர் எங்கள் வகுப்பில் ஒருவர் வாயிலும் நுழையாததால் எல்லோருக்கும் அவர் அயர்லாந்துக்காரர் ஆனார். எங்கள் வீட்டுக்கு வந்ததும் மரியாதை இன்னும் குறைந்து அயர்லாந்துக்காரன் ஆனார். டீச்சர் வரிவரியாகத் தமிழில் அர்த்தம் சொல்லித் தந்தார். சொல்லும்போது கடைசிப் பத்தியில் அவருக்குக் குரல் உடையும். அதுவும் கவிதையில் சேர்ந்தது என்று நினைத்து, நானும் அந்த இடத்தில் குரலை உடைத்துப் பழகினேன்.

கவிதை இதுதான். ஒரு பெரிய ஏரி. கரையில் ஒருவன். அவன் மனதுக்குப் பிடித்த பெண் படகில் ஏறிக்கொண்டு, இந்தப் பனி விலகியதும் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போகிறாள். பனி விலகுகிற வழியாக இல்லை. நாணல் முளைக்கிறது, காய்கிறது. பறவைகள் போகின்றன, திரும்பி வருகின்றன. அவன் அப்படியே உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் ஒருநாள் பனி விலகுகிறது. ஏரி முழுக்கத் தெரிகிறது. படகு மட்டும் இல்லை. தலையில் படிந்த பனியை அவன் கையால் தட்டிவிடப் பார்க்கிறான். அது போகவில்லை, ஏனென்றால் அது பனி இல்லை.

எங்கள் ஊரில் பனி மார்கழியில் வந்தால் உண்டு. அதுவும் ஆடுகளைப் பத்திக்கொண்டு போகும் முன்னால் கலைந்துவிடும். கண்மாயில் தண்ணீர் கிடப்பதே பெரிய சேதி. ஆகவே அந்தக் கவிதையில் எனக்குத் தெரிந்த பொருள் எதுவும் இல்லை. ஆனாலும் அதை நெஞ்சு விம்மச் சொல்லிப் பழகினேன், ஏனென்றால் டீச்சர் கைகளையும் கற்றுக்கொடுத்திருந்தார். ஏரி என்றால் இரண்டு கையையும் விரிக்க வேண்டும், பெண் என்றால் தூரத்தைக் காட்ட வேண்டும், துயரம் என்றால் நெஞ்சில் கை வைக்க வேண்டும்.

என் ஒத்திகையைக் கடைசிவரை கேட்டது அத்தை ஒருத்திதான். பஞ்சு பொறுக்கும்போது சொல்வேன். கை அங்கே வேலையாக இருப்பதால் நடிப்பு இல்லாமல் வெறும் சொல்லாக வரும். முதல்நாளே அர்த்தம் என்னடா என்று கேட்டாள். வீட்டில் அப்படிக் கேட்ட முதல் ஆள். தமிழில் சொன்னேன். முடித்ததும் தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

"அது சரி மருமகனே, அம்புட்டு வருசமும் அந்த ஆளு சோத்துக்கு என்ன செஞ்சான்?"

மறுநாள் டீச்சரிடம் போய் அப்படியே கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கவிதையில் அதெல்லாம் கேட்கக் கூடாது என்று அன்பாகச் சொன்னார். அந்தத் தீர்ப்பைக் கொண்டுபோய் அத்தையிடம் கொடுத்தேன். கேக்கக் கூடாதுன்னா கேக்கலப்பா என்றாள். ஆனால் அன்றிலிருந்து தினமும் அந்தக் கவிதைதான் வேண்டும் என்பாள். ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. என் உச்சரிப்பு அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று நான் பூரித்துப் போனேன்.

இந்தச் சமயத்தில்தான் மதுரை வில்லாபுரத்திலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை லேத் பட்டறை வைத்திருக்கிறார், தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடித்ததில் வயது முப்பதைத் தாண்டிவிட்டது, மற்றபடி தங்கமான ஆள் என்றார்கள். அப்பாவுக்கு இது கடைசி நம்பிக்கை. இன்னொரு பக்கம், அலங்காநல்லூர்ப் பக்கத்தில் மனைவியை இழந்த ஒருவர் ஆள் விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வயது அப்பாவைவிட அதிகம். பெரிய பிள்ளைகள் இருந்தார்கள். வில்லாபுரமும் தட்டிப்போனால் அங்கேயே பேசி முடித்துவிடுவேன் என்று அப்பா எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். அம்மா அடுப்படியில் நின்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அத்தை மில்லுக்குப் போனாள், வந்தாள்.

முந்தைய இடத்துக்காரர்கள் போகிற வழியில், அந்த வீட்டில் படித்தவர்களே இல்லை என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அது அப்பாவைத் தைத்திருந்தது. அதனால் இந்தமுறை வந்தவர்கள் முன்னால் நான் ஆங்கிலத்தில் ஒன்று சொல்லிக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. அம்மா எனக்குப் பள்ளிச் சட்டையைத் துவைத்துத் தேய்த்து வைத்தாள். அப்பாவுக்கு எந்தப் பாட்டு என்பது பிரச்சினை இல்லை. நீளமாக இருக்க வேண்டும், நடுவில் திக்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா அத்தைக்குப் பூ வைத்துவிட்டுக் கேசரி கிண்டப் போனபோது நான் அத்தையிடம் போய் நின்றேன். என்னிடம் இரண்டு சரக்கு இருந்தது. சின்ன வகுப்பில் படித்த ஒரு ஆங்கில மாம்பழப் பாட்டு, பிறகு இந்தக் கவிதை. எதைச் சொல்லட்டும் என்று அவளையே கேட்டேன். அத்தை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால் ஒரு இழை பஞ்சு விட்டுப்போயிருந்தது. எடுத்தேன். அதை என் விரலிலிருந்து வாங்கி ஊதிவிட்டு, "அயர்லாந்துக்காரனையே சொல்லு" என்றாள்.

மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அக்காள் கணவர். அக்காள் கணவர் மதுரையில் ஏதோ அலுவலகத்தில் குமாஸ்தா. சட்டைப் பையில் இரண்டு பேனா. அப்பா அந்தப் பேனாக்களைப் பார்த்ததுமே தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை சுவரோரமாக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கையை மடிக்குள் வைத்திருந்தார். விரல்களில் இரும்புத் துகள் சுட்ட தழும்புகள். அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எங்கள் வீட்டுக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறக்கவே இல்லை. பேச்செல்லாம் குமாஸ்தா மாமாதான்.

அத்தை வந்து விழுந்து கும்பிட்டுவிட்டு, அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பலகாரத் தட்டுகள் வந்தன. கேசரி, உளுந்தவடை. எல்லோரும் அவை அங்கே இல்லாத மாதிரி நடந்துகொண்டார்கள். அப்பா தொண்டையைச் செருமி, பையன் இங்கிலீசில் நல்லாச் சொல்லுவான் என்றார். குமாஸ்தா மாமா நாற்காலியில் சாய்ந்து, எங்கே தம்பி சொல்லு பார்ப்போம் என்று அனுமதி கொடுத்தார்.

சொன்னேன். ஏரியை விரித்தேன். தூரத்தைக் காட்டினேன். நெஞ்சில் கை வைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா, நான் கண்ணை மூடிக் கையை மேலே தூக்கிய இடத்தில் இது சாமி பாட்டு என்று முடிவுகட்டி, தானும் கையெடுத்துக் கும்பிட்டார். கடைசிப் பத்தியில் டீச்சரைப் போலவே குரலை உடைத்தேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா அந்தக் கணத்தில் இருந்த மாதிரி நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. நான் அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பேனா வைத்திருப்பவர் சும்மா கேட்டுவிட்டுப் போக முடியுமா? நல்லாத்தான் சொல்ற, மனப்பாடம் பண்றது பெருசு இல்ல, அர்த்தம் தெரியுமா என்றார் குமாஸ்தா மாமா. எனக்கு அதுவும் தெரியும் என்று காட்ட வேண்டாமா? முழுதாகச் சொன்னேன். பெண் போனது, பனி, நாணல், வராமலே போனது, நரைத்த தலை. தினமும் அத்தையிடம் சொல்லிச் சொல்லித் தமிழ் நன்றாகத் தேறியிருந்தது. ஒரு சொல் திக்கவில்லை.

முடித்துவிட்டுப் பாராட்டுக்காக நிமிர்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மாவின் கைகள் கும்பிட்டபடியே பாதியில் நின்றிருந்தன. மெதுவாகப் பிரிந்து மடியில் விழுந்தன. அடுப்படியில் கரண்டி எதுவோ கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்க யாரும் குனியவில்லை.

"ஏப்பா, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல, பொம்பள வராமப் போயி ஆம்பள தல நரச்சு உக்காந்த கதையவா சொல்லுவாக?" என்றார் அந்த அம்மா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த மஞ்சப்பையை எடுத்துக்கொண்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். அடிக்கிற பார்வை இல்லை, அதைவிட மோசம். நான் என்ன சொன்னேன் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிகிறது. இத்தனை நாள் வீட்டில் மந்திரம் என்று கேட்டுக்கொண்டிருந்தது இதுதானா என்கிற பார்வை. அம்மாவின் முகத்தில் ரத்தம் இல்லை. குமாஸ்தா மாமா நிலைமையைச் சமாளிக்க, அந்த நாட்டுக் கவிஞர்கள் எல்லாமே இப்படித்தான், குளிர் அதிகம் பாருங்கள் என்றார். அது யாருக்கும் உதவவில்லை. மாப்பிள்ளையின் அம்மா எழுந்தேவிட்டார். சேதி சொல்லிவிடுகிறோம் என்கிற வாக்கியத்தின் முதல் சொல் அவர் வாயில் வந்துவிட்டது.

நான் தட்டைப் பார்த்தேன். கேசரி மேல் முந்திரி மினுமினுத்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் முழுத் தட்டும் எனக்கு. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கேசரி எனக்கு வேண்டாம் என்று இருந்தது. அலங்காநல்லூர்க்காரர் எப்படி இருப்பார் என்று நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் அந்தக் கேசரித் தட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற மாதிரி எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளை காலண்டரிலிருந்து கண்ணை எடுத்தார்.

"மாப்ள, எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் என்னைப் பார்த்து. வீட்டுக்குள் வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு. "அம்புட்டு வருசம் கரையிலயே உக்காந்திருந்தான்னா, அவன் சோத்துக்கு என்ன செஞ்சான்?"

கேட்கக் கூடாது என்று டீச்சர் தடைபோட்ட கேள்வி, வில்லாபுரத்திலிருந்து பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. கவிதையில் அதெல்லாம் கேட்கக் கூடாது, டீச்சர் சொல்லியிருக்கிறார் என்று உண்மையைச் சொன்னேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கு வழியாக வெடித்த சிரிப்பு. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் சிரிக்கிற சத்தம் வெளியே கேட்பது எங்கள் தெருவில் அதற்குமுன் நடந்ததில்லை. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அதோடு நிற்கவில்லை. அத்தை உள்ளேயிருந்தே பேசினாள்.

"நானும் அதத்தேன் கேட்டேன். இன்னும் பதில் வரல."

மாப்பிள்ளை கதவைப் பார்த்தார். கதவுக்கும் நிலைக்கும் நடுவே சேலையின் கரை மட்டும் தெரிந்தது. அவர் அந்தக் கேள்வியை நிஜமாகவே யோசித்தார். ஒரு போல்ட் ஏன் மரையில் ஏறவில்லை என்று யோசிக்கிற முகம். பின்னாளில் பட்டறையில் அதே முகத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"வேலைக்குப் போயிருப்பான்," என்றார். "போய்ட்டு வந்து உக்காந்திருப்பான். வேற என்ன செய்ய முடியும்?"

உள்ளே சிரிப்பு நின்றுவிட்டது. அவர் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டார், அத்தைக்குக் கோபம் என்று நான் பயந்தேன். பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில் ஒரு சொல் வந்தது.

"ஆமா."

மாப்பிள்ளை எழுந்தார். அப்பாவின் தோள்கள் விழுந்தன. ஆனால் அவர் வாசலுக்குப் போகவில்லை. தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் என்று கேட்டார். அப்பாவுக்குப் புரியவில்லை, இரண்டாம் முறை கேட்க வேண்டியிருந்தது. போய்க் கையைக் கழுவி, ஈரத்தைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, அதே நாற்காலியில், இந்தமுறை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அவருடைய அம்மா மஞ்சப்பையோடு நின்றுகொண்டிருந்தார். அபசகுனமாப் பாடிருச்சேடா புள்ள என்று மகனின் காதருகே முனகினார். எல்லோருக்கும் கேட்டது.

"அந்தப் பாட்டு அவனுக்குத்தேன் ஆத்தா, நமக்கில்ல. உக்காரு, பசிக்கிது," என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை கேசரியை விண்டு வாயில் போட்டார்.

எங்கள் வீட்டில் அந்த நிமிடம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு இன்னும் சரியான வார்த்தை அமையவில்லை. கோடையில் மின்சாரம் நின்றுபோய், எல்லோரும் வேர்த்து, பேச்சற்றுக் கிடக்கும்போது சட்டென்று மின்விசிறி சுற்ற ஆரம்பிக்குமே, அப்படி ஒரு காற்று. அப்பா சொம்பை எடுத்து எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினார், யாரும் கேட்கவில்லை. அம்மா கேசரிச் சட்டியையே கொண்டுவந்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா முதலில் ஒரு வடையை மட்டும் முறுவலில்லாமல் எடுத்தார். பிறகு எண்ணெய் எங்கே வாங்குகிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்டார். அது சமாதானம். குமாஸ்தா மாமா தன்னால்தான் இது முடிந்தது என்கிற தோரணையில் தட்டுக்குத் தட்டு வாங்கினார். அத்தை காபி கொண்டுவந்தாள். மாப்பிள்ளைக்குக் கொடுக்கும்போது டம்ளர் ஆடவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்த மாதிரியும் தெரியவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் உதட்டோரம் ஏதோ ஒன்று அடக்கிவைத்த மாதிரி இருந்தது.

அவர்கள் போன பிறகு நான் ஓடிப்போய்ச் சட்டியைப் பார்த்தேன். ஒரு பருக்கை இல்லை. சுரண்டிக்கூட வைத்திருந்தார்கள்.

இப்போது அந்த மாப்பிள்ளை என் மாமா. நான் மதுரையில் கல்லூரி படித்ததே அவர் வீட்டில் தங்கித்தான். எந்த நேரம் போய்க் கதவைத் தட்டினாலும், "அயர்லாந்துக்காரன் சாப்ட்டானா?" என்றுதான் கேட்பார். சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்பதாக அர்த்தம். நான் ஆங்கில இலக்கியம் எடுத்ததற்குக் காரணம் அந்தக் கவிதைதான் என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள், அதை நானும் மறுப்பதில்லை. கல்லூரி நூலகத்தில் அந்தக் கவிஞரின் முழுத் தொகுப்பு இருந்தது. உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். காதல், ஏரி, பிரிவு, பனி. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ஆனால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அதில் ஒரு மனிதர் சாப்பிடவில்லை. மாமாவிடம் சொன்னேன். பாவம் என்றார்.

செவ்வாய் விஷயமும் கல்லூரிக் காலத்தில்தான் தெரிந்தது. அம்மா ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே போகிறபோக்கில் சொன்னாள். அத்தையோடு மில்லில் வேலை பார்த்த ஒரு ஃபிட்டர், கோயம்புத்தூரில் நல்ல வேலை கிடைத்ததும் வீட்டாரோடு வந்து பெண் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். வரவில்லை. எத்தனை வருடம் என்று நான் கேட்கவில்லை. அவள் வேலைக்குப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தாள், வேறு என்ன செய்ய முடியும்? அன்று ஏன் அந்தக் கவிதையைச் சொல்லச் சொன்னாய், சம்பந்தம் கலையட்டும் என்றா, இல்லை வேறு எதற்காகவா என்று அத்தையைக் கேட்டுப் பார்த்தேன். நான் எங்கடா சொல்லச் சொன்னேன், நீயாத்தேன் சொன்ன என்று சாதித்துவிட்டாள்.

ஆனால் இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கேசரி தீர்ந்துபோனது மட்டும்தான். திங்கட்கிழமை அத்தை வழக்கம்போல மில்லுக்குப் போய்விட்டு வந்தாள். தலையெல்லாம் பஞ்சு. உரல்மேல் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்று முதல் இழையை எடுத்துக்கொண்டே கவிதையை ஆரம்பித்தேன். சம்பந்தமே அதனால்தானே முடிந்தது என்கிற மிதப்பில், வழக்கத்தைவிட நன்றாகவே ஆரம்பித்தேன்.

முதல் வரி முடியும் முன்னால் அத்தை கையைத் தூக்கி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது வேணாம்டா மருமகனே. அந்த மாம்பழப் பாட்டச் சொல்லு."

மாம்பழப் பாட்டு ஒன்றாம் வகுப்பில் படித்தது. நான் ஆறாம் வகுப்பு. இத்தனை நாள் தினமும் இரண்டுமுறை கேட்டுவிட்டு, இப்போது கல்யாணம் கூடிவந்ததும் என் கவிதை சலித்துவிட்டது போலிருக்கிறது. ரோசத்தோடு வேண்டுமென்றே வேகமாக மாம்பழப் பாட்டைச் சொன்னேன், நடிப்பில்லாமல், கையில்லாமல். அத்தை காலை ஆட்டிக்கொண்டு கேட்டாள். நான் ஒவ்வொரு இழையாகப் பஞ்சை எடுத்துக் காற்றில் விட்டேன். கீழே கறுப்புத் தலை வந்துகொண்டே இருந்தது. நல்லா இருக்கேடா, இதை ஏன் இத்தனை நாளாச் சொல்லல என்று கேட்டாள். அவ்வளவு நல்ல கவிதை திடீரென்று ஒருவருக்கு எப்படிப் பிடிக்காமல் போகும் என்று எனக்குப் புரியவே இல்லை.